ஹெட்போன் அப்டேட்டை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது எப்படி?

என் அப்பாவுக்கு 72 வயது, மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். விடிகாலையில் மொட்டை மாடியில் நடந்தபடியே பழைய கச்சேரிப் பதிவுகள் கேட்பது அவருடைய பல வருடப் பழக்கம், அதற்காகவே ஒரு நல்ல வயர்லெஸ் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். வலது காதின் மேல் இரண்டு தட்டு தட்டினால் பாட்டு நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும், அப்படித்தான் செட் செய்து வைத்திருந்தேன், அவருக்கு அது போதும். ஒரு நாள் காலை எட்டு மணி வாக்கில், நான் வேலைக்குக் கிளம்பித் தரமணி சிக்னலில் நிற்கும்போது போன் வந்தது. "ஏம்மா, தட்டினா பாட்டு நிக்கவே மாட்டேங்குது, ஒரு குரல் இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது, வெளிச் சத்தமெல்லாம் காதுக்குள்ள வருது. கெட்டுப் போச்சா இது?"

கெட்டுப் போகவில்லை. முந்தைய இரவு சார்ஜில் கிடந்தபோது அதுவாகவே அப்டேட் ஆகி, நான் மாற்றி வைத்திருந்த தட்டல் செட்டிங் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பியிருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. மாலை போய் ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டேன், ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் அதைத் தொடவே பயந்து மேஜை மேல் வைத்திருந்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள், அதை எப்போது மாற்றலாம் என்று சொல்கிற உரிமை வாங்கியவருக்கு வேண்டும்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது. நடக்கட்டும், ஆனால் நாம் சொல்கிற நேரத்தில் நடக்கட்டும், அவ்வளவுதான். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஹெட்போனுக்குள் ஒரு சிப் இருக்கிறது, அதில் ஓடுகிற மென்பொருள்தான் ஃபர்ம்வேர். ப்ளூடூத் இணைப்பு, வெளிச் சத்தத்தைக் குறைக்கிற நாய்ஸ் கேன்சலிங், தட்டல், மைக், பேட்டரி எவ்வளவு வேகத்தில் சார்ஜ் ஆக வேண்டும் என்பது வரை எல்லாம் அதன் கையில். ஹெட்போனுக்கு நேரடியாக இன்டர்நெட் கிடையாது, அதனால் அப்டேட் மூன்று படியாக வருகிறது. முதலில் உங்கள் போனில் இருக்கும் கம்பெனி ஆப் கோப்பை இன்டர்நெட்டிலிருந்து இறக்குகிறது. அடுத்து அதை ப்ளூடூத் வழியாக ஹெட்போனுக்கு ஏற்றுகிறது, ப்ளூடூத் மெதுவானது என்பதால் இதற்குத்தான் அதிக நேரம், சில மாடல்களில் அரை மணியைத் தாண்டும். கடைசியாக ஹெட்போன் தன்னை அணைத்துப் புதிய மென்பொருளோடு மறுபடி எழுந்திருக்கிறது.

இறக்குவது, ஏற்றுவது, மாற்றுவது. இந்த மூன்றையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "ஆட்டோ அப்டேட்" என்று எல்லாக் கம்பெனியும் ஒரே பெயர் சொன்னாலும் ஒவ்வொருவரும் வேறு வேறு படியில் உங்களைக் கேட்கிறார்கள். முதல் இரண்டையும் தானாகச் செய்துவிட்டு, மாற்றுவதற்கு முன்னால் "இப்போது செய்யட்டுமா" என்று கேட்கிற ஹெட்போனில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றையும் சொல்லாமல் செய்துவிடுகிற வகைதான் சிக்கல்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. சில சிப்களில் பழைய மென்பொருளுக்கு ஒரு இடம், புதியதற்கு ஒரு இடம் என்று இரண்டு அறை இருக்கும், புதியது முழுசாக வந்து சேர்ந்து சரிபார்த்த பிறகுதான் அங்கே மாறும், நடுவில் அறுந்தால் பழையது அப்படியே இருக்கும். அந்த வசதி இல்லாத மாடலில் நடுவில் அறுந்தால் ஹெட்போன் திறக்காமலே போகலாம். உங்களுடையது எந்த வகை என்று டப்பாவில் போட்டிருக்காது, அதனால் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்வது நல்லது.

உங்கள் ஹெட்போன் எந்த வகை?

சோனி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். முன்பு ஹெட்போன்ஸ் கனெக்ட் என்று இருந்த ஆப், இப்போது சவுண்ட் கனெக்ட். அதில் செட்டிங் பகுதியில், மென்பொருளைத் தானாக டவுன்லோட் செய்வது பற்றி ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால் இறக்குவதும் ஏற்றுவதும் தானாக நடக்கும். அதை ஆஃப் செய்துவிட்டால் புதிய வர்ஷன் வந்திருக்கிறது என்கிற தகவல் மட்டும் வரும், எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். கூகுள் பிக்சல் பட்ஸிலும் ஃபர்ம்வேர் அப்டேட் பகுதிக்குள் தானாக நடப்பதை நிறுத்துகிற சுவிட்ச் உண்டு. சாம்சங் பட்ஸ் என்றால் கேலக்ஸி வேரபிள் ஆப், ஒன்பிளஸும் ஒப்போவும் என்றால் ஹேமெலடி, நத்திங் என்றால் நத்திங் எக்ஸ். ஒவ்வொன்றிலும் அப்டேட் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து உள்ளே "ஆட்டோ" என்று ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், ஐந்து நிமிட வேலை. ஒன்பிளஸ் போனோடு ஒன்பிளஸ் இயர்பட்ஸ், சாம்சங் போனோடு சாம்சங் பட்ஸ் என்று ஒரே கம்பெனியாக இருந்தால் போனின் ப்ளூடூத் செட்டிங்கையும் சேர்த்துப் பாருங்கள், சிலவற்றில் அங்கேயும் இந்த வசதியை வைத்திருப்பார்கள்.

ஏர்பாட்ஸ் கதை வேறு. அதில் சுவிட்சே இல்லை. ஏர்பாட்ஸ் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்க வேண்டும், ப்ளூடூத் எட்டும் தூரத்தில் உங்கள் ஐபோனோ ஐபேடோ மேக்கோ இருக்க வேண்டும், அது வைஃபையில் இருக்க வேண்டும், இவ்வளவும் கூடினால் அப்டேட் தானாக நடக்கும். வேண்டும் என்று அழுத்தவும் பட்டன் கிடையாது, வேண்டாம் என்று சொல்லவும் கிடையாது, பழைய வர்ஷனுக்குத் திரும்பவும் வழி இல்லை. இருக்கிற வர்ஷனை மட்டும் பார்க்கலாம்: ஐபோனில் செட்டிங்ஸ், ப்ளூடூத், ஏர்பாட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டத்துக்குள் "ஐ" குறியைத் தொட்டு, கீழே கடைசி வரை போனால் வர்ஷன் எண் இருக்கும்.

இதில் நமக்குக் கிடைக்கும் ஒரே பிடி, மேலே சொன்ன நிபந்தனைகள்தான். மறுநாள் முக்கியமான இன்டர்வியூ, ஆன்லைன் தேர்வு என்றால் ஏர்பாட்ஸை ஒரு அறையிலும் ஐபோனை வேறு அறையிலும் வைத்து சார்ஜ் போடுங்கள், அல்லது சார்ஜ் ஆகும் நேரத்தில் ஐபோனின் ப்ளூடூத்தைச் செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துவிடுங்கள். மேலிருந்து இழுக்கிற கன்ட்ரோல் சென்டர் பட்டனை அழுத்தினால் இருக்கிற இணைப்புதான் துண்டிக்கப்படும், ப்ளூடூத் முழுசாக அணையாது. வீட்டில் அதே ஆப்பிள் கணக்கில் ஐபேடோ மேக்கோ பக்கத்தில் கிடந்தால் அதையும் கவனிக்க வேண்டும். மாறாக அப்டேட் வேண்டும் என்றால் கேஸில் போட்டு மூடி, சார்ஜரில் மாட்டி, ஐபோனைப் பக்கத்தில் வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள், பிறகு வர்ஷன் எண்ணைப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனோடு ஏர்பாட்ஸ் பயன்படுத்துகிறவர்கள் என் ஆபீசிலேயே சிலர் உண்டு. அவர்களுக்கு அப்டேட் வரவே வராது, ஏனென்றால் ஆப்பிள் சாதனம் வழியாக மட்டும்தான் அது நடக்கும். வீட்டில் யாருடைய ஐபோனிலாவது சேர்த்து அப்டேட் செய்யலாம், அல்லது ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். இன்னொருவர் ஐபோனில் சேர்த்தால், முடிந்ததும் அந்தப் போனிலிருந்து ஏர்பாட்ஸை நீக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது அவருடைய கணக்கிலேயே, தொலைந்த கருவியைத் தேட உதவும் ஃபைண்ட் மை பட்டியலோடு சேர்ந்து, தங்கிவிடும். பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ குறைந்த விலைக்கு வாங்கிய போலி ஏர்பாட்ஸ் ஐபோனில் அசல் மாதிரியே படம் காட்டும், ஆனால் ஆப்பிள் அப்டேட் எதுவும் அதற்கு வராது.

ஆபீசில் கொடுக்கிற ஹெட்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் ஐடி கம்பெனிகளில் லேப்டாப்பில் ஜாப்ரா டைரக்ட் மாதிரி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள், அப்டேட்டை ஐடி டீம் மொத்தமாகத் தள்ளுவார்கள். அங்கே உங்கள் கையில் எதுவும் இல்லை, கிளையன்ட் கால் இருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று அவர்களிடம் ஒரு டிக்கெட் போடுவது மட்டும்தான் வழி. போட்டால் பெரும்பாலும் கேட்பார்கள்.

அப்புறம் ஏன் ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது?

அப்பா விஷயம் நடந்த கோபத்தில் நானும் என்னுடைய எல்லாக் கருவியிலும் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிட்டு ஏழெட்டு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. அது தவறு என்று பிறகுதான் புரிந்தது.

2025 ஜூனில் ஈஆர்என்டபிள்யூ என்கிற ஜெர்மன் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டது. ஐரோஹா என்கிற தைவான் கம்பெனி செய்யும் ப்ளூடூத் சிப்பில் இருந்தது அது, அந்தச் சிப் சோனி, போஸ், ஜேபிஎல், மார்ஷல் என்று பல பிராண்டுகளின் சில மாடல்களுக்குள் இருக்கிறது. ப்ளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவர், உங்கள் அனுமதி இல்லாமலே, ஹெட்போனின் நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் முடியும், அதிலிருந்து உங்கள் போன் வரைகூடப் போக வாய்ப்பு உண்டு என்று காட்டினார்கள். சுலபமாகச் செய்யக்கூடிய வேலை இல்லை, ஆனாலும் கதவு திறந்துதான் இருந்தது. 2026 ஜனவரியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். ஆண்ட்ராய்டில் ஹெட்போனைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் திரையில் படம் வந்து ஒரே தொடலில் சேர்கிறதே, அந்த ஃபாஸ்ட் பேர் வசதியைப் பல கம்பெனிகள் சரியாகச் செய்யாததால், 14 மீட்டர் தூரம் வரை இருக்கும் அந்நியர் சில நொடிகளில் உங்கள் ஹெட்போனோடு தன் கருவியைச் சேர்த்துக்கொள்ள முடியும், மைக் வழியாகக் கேட்கவும் முடியும். காலை நேரத்தில் கிண்டியிலிருந்து மெட்ரோ ஏறினால் 14 மீட்டருக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், கம்பெனி தருகிற ஃபர்ம்வேர் அப்டேட். ஓட்டை ஹெட்போனுக்குள் இருப்பதால் போனில் ஃபாஸ்ட் பேரை அணைத்தாலும் பயன் இல்லை, ஐபோனோடு பயன்படுத்தினாலும் தப்பிக்க முடியாது. ஆகவே அப்டேட்டோடு வரும் குறிப்பில் பாதுகாப்பு, செக்யூரிட்டி என்ற வார்த்தை கண்ணில் பட்டால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே செய்துவிடுங்கள்.

நல்லதும் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 இயர்பட்ஸ் 2021-இல் வெளிவந்தபோது ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு இணையும் வசதி அதில் இல்லை, 2023-இல் அப்டேட்டாகவே வந்து சேர்ந்தது. பழையதை வைத்திருந்தவருக்கு ஒரு பைசா செலவில்லை.

வெறும் "பிழைகள் சரி செய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது" என்று மட்டும் போட்டிருந்தால் நான் பத்து நாள் காத்திருப்பேன். அதற்குள் பிரச்சினை இருந்தால் பயன்படுத்துகிறவர்கள் எங்காவது எழுதிவிடுவார்கள், மாடல் பெயரையும் வர்ஷன் எண்ணையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும்.

தேடும்போது கொஞ்சம் நிதானமும் வேண்டும். 2019-இல் போஸ் க்யூசி35 இரண்டாம் பதிப்புக்கு ஒரு அப்டேட் வந்தது, அதற்குப் பிறகு நாய்ஸ் கேன்சலிங் குறைந்துவிட்டது என்று நிறையப் பேர் கொதித்தார்கள். போஸ் விசாரித்தது, சிலருடைய வீட்டுக்கே ஆளை அனுப்பிச் சோதித்தது, அப்டேட்டால் குறையவில்லை என்று 2020-இல் அறிக்கையும் வெளியிட்டது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது என்னவென்றால், சந்தேகம் வந்தால் முதலில் காது மெத்தையைப் பார்க்க வேண்டும் என்பதுதான். நம் ஊர் வியர்வையிலும் புழுக்கத்திலும் அந்த ரெக்சின் உரிந்து, உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கிப்போகும், இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே வரும். அது மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது, அப்டேட் வந்த நாளன்றுதான் காது கூர்ந்து கேட்கும்.

செய்யும் முறை

விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் வேண்டாம், சுற்றி நூறு ப்ளூடூத் இருக்கும் இடத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும், போதாததற்கு இறங்கும் ஸ்டேஷன் வேறு வந்துவிடும்.

தொடங்கும் முன் இரண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்று இப்போதைய வர்ஷன் எண் தெரிகிற பக்கம், இன்னொன்று உங்கள் தட்டல், ஒலியின் தன்மையை மாற்றுகிற ஈக்வலைசர், நாய்ஸ் கேன்சலிங் செட்டிங் பக்கங்கள். அப்பாவின் ஹெட்போன் விஷயத்தில் என்னிடம் இந்த ஸ்க்ரீன்ஷாட் இருந்திருந்தால் போனிலேயே அவருக்கு வழி சொல்லியிருப்பேன்.

ஹெட்போனிலும் போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும், இயர்பட்ஸ் என்றால் கேஸிலும் சார்ஜ் இருக்க வேண்டும், இரண்டு பட்ஸும் சேர்ந்தே இருக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் வெளியிலிருந்து வந்த உடனே, வண்டியில் கிடந்து கொதிக்கிற கேஸை சார்ஜரில் மாட்டாதீர்கள், ரொம்பச் சூடாக இருந்தால் பேட்டரி பாதுகாப்புக்காக சார்ஜ் ஏறுவதே நின்றுவிடும், அரை மணி ஃபேனுக்கு அடியில் ஆறவிட்டு மாட்டுங்கள்.

லேப்டாப், டிவி என்று ஹெட்போன் வேறு எதனோடாவது இணைந்திருந்தால் அங்கே ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள், ஒரு போன் மட்டும் இருக்கட்டும். போனில் பேட்டரி சேவரை எடுத்துவிடுங்கள், பல போன்கள் திரைக்குப் பின்னால் ஓடுகிற ஆப்பை நிறுத்திவிடும், அதனால் கம்பெனி ஆப்பைத் திரையிலேயே திறந்து வைத்திருங்கள். பாட்டு ஓட வேண்டாம். கால் வந்தால் ஏற்றுவது நடுவில் நின்றுபோக வாய்ப்பு உண்டு, அதற்கு நான் செய்வது இது: முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டு, அதன் பிறகு வைஃபையையும் ப்ளூடூத்தையும் தனியாக ஆன் செய்துகொள்வேன். சாதாரணக் கால் வராது. வாட்ஸ்அப் கால் வைஃபை வழியாக வந்துவிடும், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவைத்துவிட்டால் அதுவும் வராது. கரன்ட் போய் வைஃபை ரூட்டர் அணைந்தால் பதற வேண்டாம், கோப்பு ஏற்கெனவே போனில் இறங்கியிருந்தால் ஏற்றும் வேலைக்குப் பெரும்பாலும் இன்டர்நெட் தேவைப்படாது. இறங்கிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கும், ஹெட்போனுக்கு ஒன்றும் ஆகாது.

ஏற்றத் தொடங்கியதும் போனையும் ஹெட்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். சதவீதம் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்றாலும் அணைக்காதீர்கள், பொறுமை இல்லாமல் பவர் பட்டனை அழுத்துவதுதான் இதில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

முடிந்ததும் உடனே சோதியுங்கள், மறுநாள் வேலை நேரத்தில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது மேல். இரண்டு காதிலும் சத்தம் சமமாக வருகிறதா, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நாய்ஸ் கேன்சலிங் பழையபடி இருக்கிறதா, வீட்டில் இருப்பவருக்கே ஒரு கால் போட்டு மைக் சரியாகக் கேட்கிறதா, தட்டல்கள் ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கிற மாதிரியே இருக்கின்றனவா. லேப்டாப்போடு மறுபடி சேர்கிறதா என்பதையும் பாருங்கள். பேட்டரியை மட்டும் இரண்டு மூன்று நாள் கவனித்துத்தான் சொல்ல முடியும்.

சரியில்லை என்றால்

முதலில் ரீசெட். போனின் ப்ளூடூத் பட்டியலில் இருந்து ஹெட்போனை நீக்கிவிட்டு, ஹெட்போனையும் கம்பெனி சொல்கிற முறைப்படி முழு ரீசெட் செய்து, புதிதாகச் சேருங்கள். இணைப்பு அறுவது, ஒரு காது மட்டும் கேட்பது போன்றவை நிறைய நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

பழைய வர்ஷனுக்குத் திரும்புவதைப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. டெலிகிராமிலோ வேறு எங்கோ "பழைய ஃபர்ம்வேர்" என்று கிடைக்கிற கோப்பை இறக்கி ஏற்றிப் பார்க்காதீர்கள், அதில் யார் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது, கெட்டுப்போனால் வாரன்டியும் கேட்க முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பீக்கர், பேட்டரி, காது மெத்தை மாற்றுகிற வேலைக்கு நானே போயிருக்கிறேன், கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபர்ம்வேர் கோளாறுக்கு அங்கே போய்ப் பயன் இல்லை, பெரிய பிராண்டுகளில் அந்தக் கோப்பு கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து உள்ள கோப்பாக இருக்கும், அதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது பில், பழைய வர்ஷன் ஸ்க்ரீன்ஷாட், புதிய வர்ஷன் ஸ்க்ரீன்ஷாட், முடிந்தால் பிரச்சினையைக் காட்டும் ஒரு சின்ன வீடியோ, இவ்வளவும் எடுத்துப் போங்கள். "அப்டேட்டுக்கு முன்னால் நன்றாக இருந்தது" என்று வாயால் சொல்வதற்கும் தேதியோடு காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் ஜாப் ஷீட் வாங்காமல் பொருளைக் கொடுக்காதீர்கள். வாரன்டிக்குள் இருந்தும் மறுத்தால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், பல நேரம் கம்பெனியிடமிருந்து போன் வர அதுவே போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு போடவும் வழி இருக்கிறது.

ஆப்பையும் ஒரு கண் பாருங்கள்

அப்டேட்டுக்காகத்தான் ஆப் போடுகிறோம், ஆனால் அது கேட்கிற அனுமதிகளைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுகிறோம். ஆண்ட்ராய்டு 12-க்கு முன்னால் ப்ளூடூத் கருவியைத் தேடவே லொகேஷன் அனுமதி தேவைப்பட்டது, அதனால் கேட்டார்கள். அதற்குப் பிறகு "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி வந்துவிட்டது, அது மட்டும் இருந்தாலே ஹெட்போன் சேரும். லொகேஷனை மறுத்துப் பாருங்கள், அப்டேட் ஓடினால் அப்படியே விடுங்கள். கான்டாக்ட்ஸ் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். 2017-இல் அமெரிக்காவில் போஸ் மீது, அதன் ஆப் பயனர் என்ன கேட்கிறார் என்கிற தகவலைச் சேகரித்து வெளியாருக்கு அனுப்புகிறது என்று குற்றம் சாட்டி ஒரு வழக்கே போட்டார்கள்.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், தி. நகரிலோ எங்கோ கடையில் சத்தம் கேட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதன் ஆப்பை அங்கேயே உங்கள் போனில் இறக்கி, அப்டேட் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்பதைக் கம்பெனி தளத்தில் தேடுங்கள். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை என்றால், ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க யாரும் இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

அப்பாவுக்காக நான் கடைசியில் செய்த ஏற்பாடு இது. அவர் போனில் இருந்து ஹெட்போன் ஆப்பையே எடுத்துவிட்டேன். தட்டல், ஒலி அளவு, நாய்ஸ் கேன்சலிங் இவை அந்த மாடலில் ஹெட்போனுக்குள்ளேயே பதிவாகியிருப்பதால் ஆப் இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கின்றன, பாட்டுக் கேட்க வெறும் ப்ளூடூத் போதும். ஆப் இல்லாத போனிலிருந்து அப்டேட்டும் வராது. ஆப் என் போனில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு சாப்பிடப் போகும்போது ஹெட்போனை என் போனில் சேர்த்து, புதிய வர்ஷன் இருக்கிறதா என்று பார்த்து, குறிப்பைப் படித்து, தேவை என்றால் ஏற்றி, தட்டல்களை சோதித்துவிட்டு, என் போனிலிருந்து நீக்கி, அவர் போனோடு மறுபடி சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவேன். முதல் தடவை செய்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் எங்கிட்ட சொல்லிட்டுத்தானே செய்யணும்?" என்று கேட்டார். ஆமாம்ப்பா, இனிமேல் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றேன்.

போன ஞாயிறு பார்த்தேன். புதிய வர்ஷன் ஒன்று வந்திருக்கிறது, குறிப்பில் பிழை திருத்தம் என்று ஒரு வரிதான், பாதுகாப்பு பற்றி எதுவும் இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.